யெஃபீம் ரெஸ்னிக்கின் சனிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை சூரியன் கடலில் இறங்கியதிலிருந்து சனிக்கிழமை மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை யெஃபீம் ரெஸ்னிக்கின் கைக்கு எந்த விளக்கும் எரியாது. அடுப்பு பற்றாது. கார் சாவி சும்மா சுழலும். பேனா எழுதாது, கைபேசி அவன் விரல் பட்டதும் கறுத்துப்போகும், கத்தரிக்கோல் துணியின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். கழிப்பறைக் காகிதம்கூடக் கிழியாது என்பதால் வெள்ளிக்கிழமை மதியமே கிழித்து அடுக்கி வைத்துக்கொள்வான். யூத நாட்டின் கடலோர ஊரான கிர்யாத் யாமில், கடற்கரையிலிருந்து மூன்றாவதான எங்கள் தெருவில், தூண்கள்மேல் நிற்கும் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இது கால் நூற்றாண்டாக நடந்துவருகிறது. அதே வீட்டில், அதே நேரத்தில், அவன் அம்மா கிளாவ்தியா அடுப்பைப் பற்றவைத்துப் யூதர்கள் தொடாத பன்றி இறைச்சியை வறுத்துக்கொண்டு தொலைக்காட்சியில் ரஷ்யப் பாட்டுப் போட்டி பார்ப்பாள். அவள் கைக்கு எல்லாமே கட்டுப்பட்டன.

அவர்கள் உக்ரைனில் ஜ்மெரின்கா என்ற ரயில் சந்திப்பு ஊரிலிருந்து வந்தவர்கள். அங்கே யெஃபீமின் உள்நாட்டுக் கடவுச்சீட்டில் இனம் எழுதும் ஐந்தாவது வரியில் ‘யூதன்’ என்று எழுதியிருந்தது. அவன் அப்பா ரெஸ்னிக் யூதர், பையனுக்குப் பெயரையும் மூக்கையும் அந்த வரியையும் விட்டுவிட்டு இளவயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அந்த ஒரு வரிக்காக யெஃபீமைப் பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள். ராணுவத்தில் அவன் பூட்சுக்குள் சிறுநீர் கழித்து வைத்தார்கள். கீவில் ரயில்வே பொறியியல் படிக்க விண்ணப்பித்தபோது, கணக்கில் முதல் ஆளாக வந்தவனிடம் கவிதை பற்றிக் கேள்வி கேட்டு வெளியே அனுப்பினார்கள். பிறகு, உக்ரைனையும் உள்ளடக்கியிருந்த அந்தப் பெரிய ஒன்றியமே உடைந்து இல்லாமல் போன வருடத்தில், அம்மாவை அழைத்துக்கொண்டு விமானம் ஏறினான். தந்தை யூதர் என்பதால் யூத நாட்டின் சட்டம் உள்ளே விட்டது. இறங்கிய வாரமே ஒரு மேசைக்குப் பின்னால் இருந்த பெண் குமாஸ்தா, அம்மா என்ன இனம் என்று கேட்டாள். உக்ரைன்காரி என்றான். அவள் பேனாவை ஒரு கணம் தூக்கிப் பிடித்துவிட்டு, அவன் இனம் இருக்க வேண்டிய இடத்தில் ‘பதிவு செய்யப்படவில்லை’ என்று எழுதினாள். தாய் வழியாக வருவதுதான் கணக்கு, தகப்பன் வழியாக வருவது பெயர் மட்டும்தான் என்று அன்போடு விளக்கவும் செய்தாள். அந்த வெள்ளிக்கிழமை மாலை, யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் நேரத்தில்தான், முதல்முறையாக அவன் விளக்குப் பொத்தானைத் தட்டியபோது விளக்கு எரியவில்லை.

மின்சாரக் கோளாறு என்று முதலில் நினைத்தான். வயரையெல்லாம் மாற்றினான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன் ஆனபடியால் அதெல்லாம் அவனுக்குக் கைவந்த வேலை. மாற்றி முடித்த மறுவாரமும் அப்படியே. வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் அடையாள அட்டையைப் பார்த்ததும் மேலாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சனிக்கிழமை அவசர வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார், ஓய்வுநாளில் யூதன் வேலை செய்தால் பாவம், இதோ யாருக்கும் பாவமில்லாத ஓர் ஆள். முதல் சனிக்கிழமையே நான்காம் மாடியில் ஒரு பல் மருத்துவரும் அவர் நாயும் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். கார் கிளம்பாததால் யெஃபீம் நடந்தே போய்ச் சேர்ந்தான். ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருகினால் ஸ்பேனர் வெண்ணெயில் மாட்டியதுபோலச் சுற்றியது, நட்டு அசையவில்லை. கதவின் இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் மருத்துவரும் நாயுமாக நட்சத்திரத்துக்குக் காத்திருந்தார்கள். அந்த மருத்துவர் இன்றுவரை அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்படி நாலைந்து முறை ஆனபின் கம்பெனி அவனுக்குச் சனிக்கிழமை விடுமுறை கொடுத்தது. காரணம் என்ற இடத்தில் ‘மத நம்பிக்கை’ என்று போட்டார்கள். யெஃபீம் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே சுவரெழுப்பி, மொராக்கோவிலிருந்து வந்தவர்கள் ஒரு சின்ன ஜெபக்கூடம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் அம்ராம் வக்னின். பகலில் மீன் கடை, மற்ற நேரமெல்லாம் ஜெபக்கூடம். ஒரு கோடைச் சனிக்கிழமை மெயின் சுவிட்ச் விழுந்து உள்ளே விளக்கும் மின்விசிறியும் நின்றுபோயின. ஓய்வுநாளில் யூதன் சுவிட்சைத் தொடக்கூடாது. மற்றவன் தொடலாம், ஆனால் தொடு என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அம்ராம் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்து, கதவைத் திறந்த யெஃபீமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். உள்ளே கும்மிருட்டாக இருக்கிறது, கிழவர்கள் வேர்த்துக் கொட்டுகிறார்கள், மெயின் சுவிட்ச் கதவுக்கு இடப்பக்கம்தான் இருக்கிறது என்று பொதுவாக உலகத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னார். யெஃபீமுக்குப் புரிந்தது. இறங்கிப் போய் சுவிட்சை மேலே தள்ளினான். அது மேலே போனது, மின்சாரம் வரவில்லை. மறுபடி தள்ளினான். கிழவர்கள் ஜெபப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். அப்போது ஒரு முதியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்த பிலிப்பைன்ஸ்காரப் பணிப்பெண், யாரும் கேட்காமலே, கையை நீட்டி சுவிட்சைத் தட்டினாள். விளக்கும் விசிறியும் ஒன்றாக வந்தன. அம்ராம் விளக்கைப் பார்த்தார், யெஃபீமின் கையைப் பார்த்தார். அவருக்கு அந்த நிமிடமே விஷயம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவனை எங்கே பார்த்தாலும் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார்.

“கடவுள் என்னைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்துட்டாரு போல. குமாஸ்தாகிட்ட சொல்லத்தான் மறந்துட்டாரு” என்பான் யெஃபீம். சிரிப்பதற்காகச் சொல்வதல்ல. வாரம் முழுக்க வேலை செய்தவனுக்குச் சனிக்கிழமை ஒரு சிகரெட் பிடிக்க முடியாமல் இருப்பது எவ்வளவு எரிச்சல் என்று பிடிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அம்மா பற்றவைத்துக் கொடுத்தாலும் அவன் விரலுக்கு வந்ததும் அணைந்துவிடும்.

அம்மாவின் முழங்கால் மடங்காமல் போனபோது உடற்பயிற்சி சிகிச்சைக்காக வீட்டுக்கு வந்தவள் அம்ராமின் தங்கை சிமோன். விவாகரத்தானவள், நாற்பதைத் தாண்டியவள், உரக்கப் பேசுகிறவள். கிளாவ்தியாவின் காலை மடக்கி நீட்டிக்கொண்டே பையனைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முழங்கால் சரியான பிறகும் வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் மின்சாரச் சூட்டுத் தட்டும், அதில் இரவெல்லாம் வேகும் ஸ்கீனா என்ற மொராக்கோ இறைச்சிக் கூட்டும் கொண்டுவந்து வைத்து, அவன் சனிக்கிழமை மதியம் சூடாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யெஃபீமுக்கு ஐம்பது நெருங்கியிருந்தது. தன்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று ஒரு திங்கட்கிழமை, ஒரு லிஃப்ட்டின் கூரைமேல் நின்றுகொண்டு, தொலைபேசியில் கேட்டான். அவள் சரி என்றாள். ஆனால் முறையாக, விதானத்துக்குக் கீழே, அண்ணன் நின்று ஆசீர்வாதம் பாடத்தான் நடக்க வேண்டும் என்றாள். முதல் கல்யாணம் அப்படித்தான் நடந்தது, அதுவே தங்கவில்லை, இரண்டாவதைக் குறையாகத் தொடங்க மாட்டேன் என்பது அவள் வாதம்.

முறையாக நடத்துவதென்றால் மலைமேல் இருக்கும், யூத மதகுருக்களான ரபீக்கள் மன்றத்தில் யூதன் என்று தீர்ப்பு வாங்க வேண்டும். மதம் மாறிவிடலாமே, ஒரு வருடப் படிப்புதான் என்று அம்ராம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். யெஃபீமுக்கு முகம் சிவந்துபோனது.

“எதிலேர்ந்து எதுக்கு மாறணும்ணே? இருபது வருஷம் இதுக்காகத்தான் அடி வாங்கினேன். இப்ப விண்ணப்பம் போட்டுச் சேரணுமா?”

மன்றத்தில் மூன்று ரபீக்கள். நடுவில் இருந்தவர் எப்போதும் வாயில் இருமல் மிட்டாய் போட்டுச் சப்பிக்கொண்டிருப்பார், எங்கள் தெருவுக்குப் பின்தெருவில்தான் குடியிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. அம்ராம் அவரிடம் சனிக்கிழமை விஷயத்தைச் சொல்லி, வந்து கண்ணால் பாருங்கள் என்று மன்றாடியதில், ஒரு சனிக்கிழமை நடந்தே வந்தார். யெஃபீம் சுவிட்சின் அருகே தயாராக நின்றான். ரபீ நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார், தாடியை நீவினார், பிறகு எழுந்துவிட்டார்.

“இவன் யூதன்னா, ஓய்வுநாள்ல சுவிட்சைப் போடுன்னு நான் இவன்கிட்ட சொல்லக்கூடாது. யூதன் இல்லேன்னா, எரிஞ்சா என்ன, எரியாட்டி என்ன? அது கரண்ட்காரன் பிரச்சனை.”

வானத்திலிருந்து வரும் சாட்சியத்தை மன்றம் எடுத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார். தவிர, இது தாய் வழியாக வந்ததென்றால் தாயின் கைக்கு அடுப்பு பற்றுவானேன் என்று கேட்டார். சமையலறையிலிருந்து வந்த வாசனை என்ன என்று அவர் கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

ஆனாலும் அவர்தான் வழியும் காட்டினார். கிளாவ்தியா பிறந்த கதையில் ஒரு முடிச்சு இருந்தது. அவளை வளர்த்த ஹோர்பீனா ஒரு ரயில்வே கேட் காவலாளியின் மனைவி. உலகப் போர் அந்த ஊரை எட்டிய கோடையில், குண்டு விழுந்து நின்றுபோன ரயிலின் கரிப் பெட்டியிலிருந்து ஹோர்பீனா ஒரு கைக்குழந்தையை எடுத்துவந்தாள் என்று ஜ்மெரின்காவில் பேசிக்கொள்வார்கள். கிளாவ்தியா அதை மறுத்ததுமில்லை, அதைப் பற்றிப் பேசியதுமில்லை. அந்த ரயிலில் தப்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள் யார் என்பதைப் பின்னர் யோசித்தால் எவரும் ஊகிக்கலாம். மன்றம் ஊகத்தை ஏற்காது. எச்சில் ஆய்வு செய்துபாருங்கள், தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிற இழை ஒன்று இருக்கிறதாம், அது மகனிடமும் இருக்குமாம் என்றார் ரபீ. யெஃபீம் குழாயில் துப்பிக் கொடுத்தான். ஆய்வுக்கூடத்தில் இருந்த இளம்பெண் முடிவைச் சொன்னபோது ஜாக்கிரதையாகப் பேசினாள். அவன் தாய்வழி இழை, கிழக்கு ஐரோப்பிய யூதப் பெண்களிடம் மிகுதியாகவும் மற்றவர்களிடம் மிக அரிதாகவும் காணப்படுவது. இது அவன் பாட்டிக்குப் பாட்டி எங்கிருந்து வந்தாள் என்பதற்கு ஒரு நல்ல ஊகம், அவன் யார் என்று இது சொல்லாது என்றாள். அப்படியானால் யார்தான் சொல்வார்கள் என்று யெஃபீம் கேட்டான். அதற்கு இங்கே கருவி இல்லை என்றாள் அவள்.

அம்ராம் மீன் கடையில் இருந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்: “எச்சில்ல யூதன், தெருவுல ரஷ்யாக்காரன், சனிக்கிழமையானா சாமியார். எங்க மாப்பிள்ளைக்கு என்ன குறை?” சிமோன் கல்யாண மண்டபம் பார்க்கத் தொடங்கினாள்.

மன்றத்துக்கு இன்னும் ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது. கிளாவ்தியா வந்து, ஹோர்பீனா தன்னைப் பெற்றவள் அல்ல, தான் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியமும் ஆய்வும் சேர்ந்தால் தீர்ப்பு எழுதிவிடலாம். கிளாவ்தியா நல்ல கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு வந்தாள். யெஃபீம் மொழிபெயர்த்தான். பின் வரிசையில் சிமோனும் அம்ராமும் உட்கார்ந்திருந்தார்கள். நடு ரபீ இருமல் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, பதிலைக் கையிலேயே எடுத்துக் கொடுப்பதுபோலக் கேட்டார்.

“அம்மா, உங்களை ரயில் பெட்டியிலேர்ந்து எடுத்தாங்க இல்லையா?”

“எடுத்தா. எங்கம்மா எடுத்தா.”

“சரி. உங்களைப் பெத்தவங்க யாரு?”

“ஹோர்பீனா.”

“அவங்க வளர்த்தவங்க. நான் கேக்கறது பெத்தவங்க.”

“ஹோர்பீனாதான். கரிக்குள்ள கை விட்டு என்னை வெளிய எடுத்தாளே, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?”

யெஃபீம் மொழிபெயர்க்காமல் நின்றான். அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல் என்று ரஷ்ய மொழியில் கெஞ்சினான். ரபீ மறுபடி கேட்டார், இன்னொரு ரபீ வேறு மாதிரி கேட்டார். கேள்வி எப்படித் திரும்பினாலும் அவள் ஒரே பெயரைச் சொன்னாள். நடு ரபீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் யார் என்று தெரிந்திருந்தது, அதை எழுதத்தான் எவருக்கும் வழியில்லை. ‘சந்தேகம் தீரவில்லை’ என்று எழுதி வழக்குக் கட்டை மூடினார்கள்.

பேருந்தில் திரும்பும்போது யெஃபீம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. சிமோன் மண்டபத்தைத் தொலைபேசியில் ரத்து செய்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அதன்பின் வாரக்கணக்கில் யெஃபீம் அம்மாவோடு பேசவில்லை. சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டான், கதவை அடித்துச் சாத்தினான். சனிக்கிழமைகளில் மட்டும் சாத்தினால் சத்தம் வராது, அது அவனை இன்னும் எரிச்சல்படுத்தியது. கடைசியில் ஒருநாள் அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் போய் நின்றான்.

“ஒரே ஒரு வாக்கியம்மா. உண்மையைத்தானே சொல்லச் சொன்னாங்க?”

கிளாவ்தியா கத்தியை நிறுத்தவில்லை. போர் வந்த அந்த வருடக் குளிர்காலத்தில், ஊரைப் பிடித்திருந்த ருமேனியர்களின் ராணுவப் போலீஸ் யூதர்களைத் தேடி வீடு வீடாக வந்தது என்று சொல்லத் தொடங்கினாள். எல்லாம் அவள் பின்னால் கேள்விப்பட்டது. யாரோ அண்டைவீட்டார் காட்டிக்கொடுத்திருந்தார்கள். கேட் காவலாளி வீட்டில் குழந்தை எங்கிருந்து வந்தது, அவள் வயிறு பெருத்து யாரும் பார்க்கவில்லையே என்று கேட்டார்கள். ஹோர்பீனா கடவுளுக்குப் பயந்தவள், பொய் சொன்னால் நாக்கு கருகும் என்று நம்பியவள்.

“சுவத்துல இருந்த சிலுவையை எடுத்து அதுமேல கை வச்சா, ஃபீமா. என் வயித்துல பொறந்ததுன்னு சத்தியம் பண்ணினா. நம்பலேன்னா ரெண்டு பேரையும் சேர்த்துச் சுடுங்கன்னா. சாகற வரைக்கும், அந்தப் பாவத்துக்கு நரகம்தான்னு நெனச்சுக்கிட்டே செத்தா. நான் அந்தப் பொய்யிலதான் உசுரோட இருக்கேன். மூணு தாடிக்காரங்க முன்னாடி போய் அதைப் பொய்யின்னு சொல்லச் சொல்றியா?”

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

“உன்னை அடிச்சப்பல்லாம் உன் சட்டையில ரத்தத்தை யாரு கழுவினா? நீ யாருன்னு எனக்குத் தெரியும். உனக்கு வேணும்னா நீ யூதனா இரு. நான் எங்கம்மாவைக் குடுக்க மாட்டேன்” என்று சொல்லி, உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

அவன் பால்கனிக்குப் போய், வியாழக்கிழமை ஆனதால், வரிசையாக ஐந்து சிகரெட் பிடித்தான். இந்தக் கதையையே மன்றத்தில் போய்ச் சொன்னால் என்ன என்று யோசித்தான். பிள்ளை கேட்டறிந்து சொல்வது சாட்சியமாகாது, அம்மாவைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள், அவள் மறுபடி ஹோர்பீனா என்பாள். அதோடு, இனி அவனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. கோபம் மட்டும் குறையவில்லை. முன்பு அதை அம்மாமேல் போட முடிந்தது, இப்போது போட ஆளில்லாமல் நெஞ்சுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சிமோனிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வெகுநேரம் திட்டினாள், ரபீக்களை, குமாஸ்தாவை, ருமேனியர்களை, கடைசியில் கிளாவ்தியாவை. திட்டி முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, பதிவுக் கல்யாணத்துக்குச் சைப்ரஸுக்கு டிக்கெட் பார் என்றாள்.

சைப்ரஸில் லார்னகா நகராட்சி அலுவலகத்தில், அவர்களைப் போலவே இங்கே கல்யாணம் செய்ய முடியாத ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேர் கிர்யாத் யாமிலிருந்தே வந்திருந்தார்கள், அவர்களில் ஒருவர் வீட்டு லிஃப்ட்டை யெஃபீம் பழுதுபார்த்திருந்தான். ஒரு கிரேக்க அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு வாழ்த்தினார். செவ்வாய்க்கிழமை என்பதால் பேனா ஒழுங்காக எழுதியது. அம்ராம் வரவில்லை, மதம் ஒப்பாத கல்யாணத்துக்கு வர முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார். அவர்கள் திரும்பிவந்த வெள்ளிக்கிழமை, சூரியன் மறைவதற்கு முன், மிளகாய் போட்டு வேகவைத்த மீன் தட்டோடு படியேறி வந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். பிறகு, சும்மா பாடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குரிய ஏழு ஆசீர்வாதங்களையும், கடவுளின் பெயர் வரும் இடத்தில் மட்டும் வாயை மூடி முனகிக்கொண்டு பாடினார். சட்டப்படி அது வெறும் பாட்டு. சிமோன் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். கிளாவ்தியாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ராகம் நன்றாக இருக்கிறது என்றாள்.

அதற்குப்பின் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. யெஃபீமின் வழக்குக் கட்டு இன்னும் மன்றத்தில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஒரு தபால் வரும், தாயாரின் வாக்குமூலம் வந்தால் விசாரணையைத் தொடரலாம் என்று. அவன் அதைப் படித்துவிட்டுக் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிக் கிழித்துப்போடுவான், வார நாளாக இருந்தால். ஆனால் மழைக்காலத்தில் மேகம் மூடி நட்சத்திரம் தெரியாத சனிக்கிழமைகளில், ஓய்வுநாள் முடியும் நேரம் அட்டவணையில் தெளிவாக அச்சாகியிருந்தாலும், எங்கள் தெரு ஆட்கள் ஒவ்வொருவராக அவன் பால்கனிக்குக் கீழே வந்து நிற்கப் பழகிக்கொண்டார்கள். யாரும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை, கேட்கக்கூடாது. காலாற நடக்க வந்ததுபோல் நிற்பார்கள். அவனும் அவர்களுக்காக எதுவும் செய்வதில்லை. சிகரெட்டுக்குத் துடித்துக்கொண்டு, விளக்குப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்ப்பான், அவ்வளவுதான்.

போன தைக் குளிரில் ஒரு சனிக்கிழமை இருமல் மிட்டாய் ரபீயும் வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு, காற்று வாங்குவதாகச் சொல்லி அம்ராமுக்குப் பக்கத்தில் நின்றார். மேலே பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது, விளக்கு எரியவில்லை. கீழே பொறுமையாக இருந்தார்கள். மறுபடி சத்தம். உள்ளேயிருந்து கிளாவ்தியா, பால்கனிக் கதவைச் சாத்துடா, குளிர் அடிக்குது என்று கத்தினாள். மறுபடி அமுக்கினான், விளக்கு வந்தது. தெருவில் ஒரு பெருமூச்சு எழுந்தது, வரிசையாக வீடுகளில் விளக்குகள் போடப்பட்டன. ரபீ குடையைச் சற்றே பின்னால் சாய்த்து மேலே பார்த்து, நல்ல வாரம் அமையட்டும் என்றார். உங்களுக்கும் என்றான் யெஃபீம், வாயில் சிகரெட்டோடு. பிறகு எல்லோரும் காபி போடப் போனார்கள்.